பூனைக்குக் கட்டுக்காவல் தேவையா?

மாட்டைத் தொழுவத்தில் கட்டுகிறோம்; ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம்; அந்தி சாய்ந்ததும் கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடுகிறோம். வீட்டுப் பிராணிகளுள் பூனை ஒன்றுக்கு மட்டுமே கட்டுத்தறியும் இல்லை, கூண்டும் இல்லை. நினைத்த வேளையில் அது வரும். நினைத்த வேளையில் போகும். போகும் இடத்தில் என்ன செய்கிறது என்பதை வளர்ப்பவர் பெரும்பாலும் அறியார். அதனை அறிந்துகொள்ளச் சில நாடுகள் அண்மைக் காலத்தில் முனைந்தன. அறிந்தபின், பூனையை வீட்டெல்லைக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டும் என்று சட்டமும் செய்தன. கேட்போருக்கு இது முதலில் நகைப்பைத் தரலாம். ஆயினும் அதன் காரணங்களை ஆராய்வது நமக்கும் பயனுடையதே.

பூனைக்கும் உழவுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. மேற்காசியாவில் மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் குதிரை நாடி எலி வந்தது; எலியை நாடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. மாட்டை நாம் நம் வேலைக்கேற்ப முயன்று பழக்கினோம். பூனையோ தன் வேலையைச் செய்துகொண்டே நம்முடன் தங்கிவிட்டது. எனவேதான் அதன் வேட்டைக் குணம் சிறிதும் குன்றவில்லை. வயிறு நிறையப் பாலும் மீனும் உண்ட பூனையும் புல்லில் ஏதேனும் அசைந்தால் பதுங்கத்தான் செய்யும். ‘வேளை தவறாமல் சோறிடுகிறோம், நம் பூனை குருவியைத் தொடாது’ என்போர் இதனைக் கருதுதல் வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் நகரில், 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் சிறு படக்கருவிகளைப் பூட்டி ஆராய்ந்தனர். 2013-இல் வெளியான அதன் முடிவுப்படி, 44 சதவீதப் பூனைகள் வேட்டையாடின. பிடித்த இரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வீடு வந்து சேர்ந்தது. பாதி, பிடித்த இடத்திலேயே கைவிடப்பட்டது. எஞ்சியதை அவை தின்றுவிட்டன. ஆதலால், வாசலில் கிடக்கும் அணிலை மட்டும் கண்டு கணக்குப் போட்டால் அது பிழையாகவே முடியும்.

இவ்விஷயத்தில் மிகுந்த கவலை கொண்டுள்ள நாடு ஆஸ்திரேலியா. 1788-இல் ஐரோப்பியர் குடியேறும்வரை அக்கண்டத்தில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு எதுவும் கிடையாது. வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் சிறு பிராணிகள் பல அங்கே வாழ்ந்தன. பதுங்கிப் பாயும் இப்புதிய பகைவனிடமிருந்து தப்பும் வகை அவற்றுக்குத் தெரியவில்லை. குடியேறியவர்களுடன் வந்த பூனை காடு புகுந்து, பாலைவனம் உட்பட ஏறத்தாழக் கண்டம் முழுவதும் பரவிவிட்டது. அங்கு அடியோடு மறைந்துபோன பாலூட்டி இனங்களுள் 20-க்கும் மேற்பட்டவற்றின் அழிவில் பூனைக்குப் பங்குண்டு. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நரியும், நிலம் திருத்தப்பட்டதும் அவ்வழிவில் சேர்ந்தே செயற்பட்டன. பழி முழுவதையும் பூனைமேல் சுமத்துதல் நியாயமன்று.

காட்டில் திரியும் பூனை வேறு, வீட்டில் வளரும் பூனை வேறு அல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். 2020-இல் வெளியான ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. வெளியே சென்று வேட்டையாடும் வளர்ப்புப் பூனை ஒன்று, ஆண்டொன்றுக்குச் சராசரியாக 186 பறவைகள், ஊர்வன, பாலூட்டிகளைக் கொல்கிறது. காட்டில் வாழும் பூனை இதனினும் பன்மடங்கு கொல்கிறது என்பது உண்மையே. ஆனால் காட்டில் பூனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. குடியிருப்பிலோ வீட்டுக்கு வீடு நெருங்கி இருக்கின்றன. ஆகவே ஒரு சதுர கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால், வளர்ப்புப் பூனைகளால் நேரும் சேதமே மிகுதியாகிறது.

இதனால் தலைநகரான கான்பெராவைக் கொண்ட ஆட்சிப் பகுதியில், 2022 ஜூலை 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த பூனைகள் யாவும் இரவும் பகலும் உரிமையாளரின் எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அதற்கு முன் பிறந்தவற்றுக்கு, ஏற்கெனவே தடையுள்ள புறநகர்கள் நீங்கலாக, விலக்களித்தனர். சுதந்திரமாகத் திரிந்து பழகிய கிழப் பூனையைத் திடீரெனச் சிறைவைக்காத இந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

தீவுகளின் கதை இன்னும் துயரமானது. நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்பது 150 ஹெக்டேர் அளவேயுள்ள சிறு தீவு. 1894-இல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அதே காலத்தில் பூனையும் போய்ச் சேர்ந்தது. பறக்க இயலாத சிறு குருவி இனம் ஒன்று அங்கு வாழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அது உலகினின்றே மறைந்தது. ஒரே பூனை ஓர் இனத்தை அழித்தது என்று இக்கதையைச் சொல்வது வழக்கம். உண்மையில் அங்கே பெருகிய பூனைகள் பலவும் சேர்ந்து செய்த செயல் அது.

ஆயினும் எல்லா நாட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. பிரிட்டனில் பறவைப் பாதுகாப்புக்கென உள்ள பெருஞ் சங்கமே, பூனைகளால் பறவைத் தொகை நாடெங்கும் குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்று கூறியுள்ளது. பல நூற்றாண்டுகளாகப் பூனையோடு வாழ்ந்து பழகிய பறவைகள் அவை. ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்னும் ஊரில் இடைவழி ஒன்றைக் கண்டனர். தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடி அங்கு அருகிவிட்டமையால், அதன் குஞ்சுகளைக் காக்கும் பொருட்டு, அக்கூடுகள் உள்ள பகுதியில் மட்டும், இனப்பெருக்க மாதங்களில் மட்டும் பூனைகளை அடைத்து வைக்க 2022-இல் ஆணையிட்டனர்.

நம் கிராமங்களுக்கு இவ்விடைவழியே ஏற்றது என்பது என் கருத்து. காட்டுப்பூனை இயற்கையாகவே வாழும் நாடு நமது. நம் பறவைகள் அப்பகையை அறிந்தவை. ஆனால் தரையில் முட்டையிடும் ஆட்காட்டியும் கௌதாரியும் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டுப் புறக்கடை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை கலவரமடையக் கூடாதென்று அவ்வூர் மக்கள் பட்டாசு வெடிப்பதையே தவிர்க்கின்றனர். இத்தகைய ஊர்களில் மரத்தினின்று தவறி விழும் குஞ்சுக்குப் பூனையும் நாயும் எமனாகும். குஞ்சு பொரிக்கும் சில மாதங்களில் மட்டும் பூனையைப் புழங்கும் அறையில் நிறுத்துவது அரிய காரியமன்று.

‘பூனையை அடைத்தால் எலியை யார் பிடிப்பது?’ என்பர். வீட்டுச் சுண்டெலியைப் பூனை நன்றாகவே பிடிக்கும். பெரிய எலியிடம் அதன் வீரம் குறைவு. நியூயார்க் நகரில் எலி மலிந்த ஒரு கிடங்கில் 79 நாட்கள் படக்கருவி வைத்துப் பார்த்தபோது, அங்குத் திரிந்த பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வயல் எலிக்குப் பூனையைக் காட்டிலும் கூகையே தக்க பகை. இரவில் அது வந்து அமர்வதற்கு வயலில் குறுக்குச் சட்டம் வைத்த கம்புகளை நட்டாலே போதும். அந்தி முதல் விடியும்வரை பூனையை நெல் வைத்திருக்கும் அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்தினால், சுண்டெலிக்குக் காவலும் ஆயிற்று, வெளி வேட்டையும் குறைந்தது. பகலில் இரை தேடும் ஓணானையும் குருவியையும் இம்முறை முற்றும் காவாது என்பதும் உண்மையே.

பகல் வேட்டையைக் குறைக்கவும் வழியுண்டு. இங்கிலாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், இறைச்சிச் சத்து மிகுந்த உணவளித்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து அல்லது பத்து நிமிடம் கயிற்றில் இறகு கட்டி விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 சதவீதம் குறைந்தது. மற்றொன்றையும் சொல்லவேண்டும். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் விட்டுவரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பூனையின் சினைக்காலம் இரண்டு மாதத்திற்குச் சற்றே மேல். ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டி என்பது இயல்பு. கரையில் விடப்பட்டவற்றுள் பிழைத்தவை ஓராண்டுக்குள் தாமே குட்டி ஈனும். அவற்றுக்குச் சோறிடுவாரும் இல்லை, கதவு சாத்துவாரும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் தாய்ப் பூனையைக் கொண்டுசென்று கருத்தடை செய்துகொள்வது, அக்குட்டிகளுக்கும் நல்லது, ஏரியில் இறங்கும் பறவைகளுக்கும் நல்லது.