கடைக்கு ஒரு பூட்டு, தம்பதிக்கு ஒரு பயணம்



மளிகைக் கடை நடத்தும் எந்தத் தம்பதியிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கடைசியாக நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கே போனீர்கள்?" பெரும்பாலோர் யோசிப்பார்கள். பிறகு ஏதாவது ஒரு துக்க வீட்டைச் சொல்வார்கள். கல்யாணத்துக்குக்கூட நம்மவர்கள் பிரிந்துதான் போகிறோம். முதல் நாள் வரவேற்புக்கு ஒருவர், மறுநாள் முகூர்த்தத்துக்கு மற்றவர். ஒருவர் மொய் எழுதப் போனால் ஒருவர் கல்லாவில் இருந்தாக வேண்டும். இது நம் தொழிலின் எழுதாத சட்டம்.

சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம், திருக்கனூர் என்று நம் பகுதியில் எந்த ஊர்க் கடையை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஒன்றுதான். விடியற்காலை பால் பாக்கெட்டுக்காகத் திறந்த கதவு, இரவு கொசுவர்த்திச் சுருள் கேட்டு வருபவர் வரைக்கும் திறந்தே இருக்கும். மதியம் சற்றுக் கண்ணயர்ந்தாலும் "அக்கா, நூறு கிராம் புளி" என்று குரல் வந்துவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரெல்லாம் கொண்டாடும். அன்றுதான் நமக்கு வியாபாரம் அதிகம். இப்படியே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்ற நிறைவு உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட ஊர் எத்தனை என்று எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

"சிறு வியாபாரிக்கு ஊர் சுற்ற வழி ஏது?" என்று கேட்பவர்களுக்கு, நம்மைவிடச் சிறிய கடை வைத்திருந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

கொச்சியில் ஒரு தேநீர்க் கடை

கேரள மாநிலம் கொச்சியில், காந்தி நகர் பகுதியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சிறு கடை. நடத்தியவர்கள் கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். விஜயன் 1963இல் தெருவில் தேநீர் விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். பின்னர் கடை பிடித்தார். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சேமிப்பு குறையும் என்று அடுப்படி வேலை, பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல், கல்லா எல்லாவற்றையும் இருவரே பார்த்துக்கொண்டார்கள்.

விஜயனுக்குச் சிறு வயதிலிருந்தே ஊர் பார்க்கும் ஆசை. தந்தையோடு கோயில் கோயிலாகச் சென்ற நாட்களில் பிறந்த ஆசை அது. திருமணத்துக்குப் பின் அது மோகனாவுக்கும் தொற்றிக்கொண்டது. முதலில் நம் நாட்டுக்குள் சுற்றினார்கள். 2007இல் வெளிநாட்டுப் பயணங்கள் தொடங்கின. எகிப்து, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா என்று பட்டியல் நீண்டது. கடைச் சுவரில் தாங்கள் கண்ட நாடுகளின் படங்களை மாட்டினார்கள். பல நகரங்களின் நேரம் காட்டும் கடிகாரங்களை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். இட்லி சாப்பிட வந்தவர் நியூயார்க்கில் இப்போது மணி என்ன என்று பார்த்துப் போகலாம்.

இவர்களைப் பற்றிய 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற குறும்படம் 2018இல் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றது. அதன் பிறகு நாடெங்கும் இவர்கள் பெயர் பரவியது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா செலவை ஏற்க, 2019இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சென்று வந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகழும் உதவியும் வருவதற்கு முன்பே பெரும்பாலான நாடுகளைத் தங்கள் உழைப்பின் பணத்தில் பார்த்து முடித்திருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

இதுதான் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி. நாள் ஒன்றுக்கு 300 ரூபாயைப் பயணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,09,500 ரூபாய். போதாததற்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். போய் வந்த பிறகு அடுத்த ஆண்டுகளில் கடையில் உழைத்து அதை அடைத்தார்கள். கடன் அடைந்ததும் அடுத்த பயணம்.

கடன் வாங்கும் முறையை எல்லோருக்கும் நாம் சிபாரிசு செய்யவில்லை. நமக்குச் சரக்குக் கடன் வேறு இருக்கிறது. மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தில் டிக்கெட் எடுப்பவர் திரும்பி வரும்போது சரக்கும் இருக்காது, நாணயமும் இருக்காது. முதலில் கை வைக்கக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வகுத்த விதி. ஆனால் தினசரி ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது நமக்குப் புதிதல்ல. தினம் இரண்டணா என்று கடை கடையாகச் சென்று வசூலிக்கும் பிக்மி டெபாசிட்டை சிண்டிகேட் வங்கி 1928இல் கொண்டு வந்தது. (அந்த வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது.) சிறு வியாபாரியால் மாதக் கடைசியில் மொத்தமாகச் சேமிக்க முடியாது, அன்றன்று கல்லா மூடும்போது ஒரு சிறு தொகையை ஒதுக்க முடியும். இந்த உண்மையை அறிந்து செய்த ஏற்பாடு அது.

நம்மால் 300 முடியாவிட்டால் 50 ரூபாய் போதும். ஆண்டுக்கு 18,250 ரூபாய். 100 ரூபாய் என்றால் 36,500. பிள்ளையின் படிப்புச் சீட்டு, நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று எத்தனையோ சீட்டு கட்டுகிறோம். கணவன் மனைவிக்கென்று ஒரு சீட்டு கட்டினால் என்ன? அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம்.

பலகையில் யார் பெயர்?

பயணம் என்றதும் அது வெளியூர்க்காரர்களுக்கு உரியது என்று நாம் நினைக்கிறோம். நம் சுத்துக்கேணிக்கே உலகம் தேடி வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் ழான் மரி கசாலும் அவருடைய மனைவி ழெனவியேவும் இந்தப் பகுதியின் பழங்கால ஈமச் சின்னங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1956இல் பாரிஸில் வெளிவந்தது. வீராம்பட்டினம், முத்தரையர்பாளையம் ஆகியவற்றோடு சுத்துக்கேணியின் பெயரும் அந்நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. நூலாசிரியர்களாகக் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் கடைப் பலகைகளைப் பாருங்கள். கணவர் பெயர் இருக்கும், தகப்பனார் பெயர் இருக்கும், குலதெய்வத்தின் பெயர் இருக்கும். உள்ளே உட்கார்ந்து பருப்பைச் சலித்து, பொட்டலம் கட்டி, பாக்கி நோட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்ணின் பெயர் எங்கே? கணவர் கூபேர் அங்காடிக்குச் சரக்கெடுக்கப் போகிறார்; நாலு பேரைப் பார்க்கிறார், ஒரு காபி குடிக்கிறார். மனைவிக்கு அதுவும் இல்லை. அவருக்குச் சம்பளமும் இல்லை, லாபத்தில் பங்கும் எழுதுவதில்லை. அப்படியானால் ஆண்டுக்கொரு பயணத்தை ஆடம்பரம் என்று சொல்ல முடியுமா? அது பங்காளிக்குச் சேர வேண்டிய பாக்கி.

கடையை மூடினால் வாடிக்கை போய்விடுமா?

எல்லோருக்கும் உள்ள அச்சம் இதுதான். விஜயன் தம்பதி 26 நாடுகள் பார்த்தார்கள். திரும்பி வந்து அதே கடையில் அதே வாடிக்கையாளர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். கடை அழியவில்லை. போய் வந்த கதையைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள்.

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு நிகர லாபம் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் மூடுவதால் இழப்பு 3,200 ரூபாய். இதிலும் முழுவதும் இழப்பில்லை. அரிசி, எண்ணெய், சோப்பு வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நாள் முன்னதாக வாங்கிக்கொள்வார். அவசரச் சாமான்தான் வேறு கடைக்குப் போகும். சொல்லாமல் மூடிய கடைதான் வாடிக்கையை இழக்கும். சொல்லி மூடிய கடை இழக்காது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கடந்த இரண்டு மூன்று ஆண்டு நாள் கணக்கைப் புரட்டி, விற்பனை குறைந்த வாரம் எதுவென்று பாருங்கள். பயணத்துக்கு அந்த வாரமே உகந்தது. பத்து நாள் முன்பே கடை வாசலில் எழுதி மாட்டுங்கள். பால் ஏஜென்டுக்கும் ரொட்டி வண்டிக்காரருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். தயிர், முட்டை, காய்கறி ஆகியவற்றின் இருப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கல்லாப் பணத்தை வங்கியில் கட்டிவிடுங்கள். பாக்கி நோட்டைக் கடையில் விட்டுச் செல்லாதீர்கள். ஜி.எஸ்.டி.யில் தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்கள், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்துப் பயணத் தேதியைக் குறியுங்கள். விழுப்புரம் சென்றால் தெற்கே எங்கும் ரயில் கிடைக்கும். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். வெளிநாட்டு ஆசை உள்ளவர்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கு எடுத்தால் 10 ஆண்டுகள் செல்லும்.

நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் எளிது

தனியே போகத் தயங்குபவர்கள் நான்கைந்து வியாபாரக் குடும்பங்களாகச் சேரலாம். ஒரு வேன் பேசினால் செலவு பங்காகிவிடும். ஒரே ஊரில் இரு கடை இருந்தால் போட்டி என்று மட்டும் பார்க்க வேண்டாம். "இந்த மாதம் நீங்கள் போய் வாருங்கள், உங்கள் வாடிக்கைக்குப் பாலும் ரொட்டியும் நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த மாதம் நான் போகிறேன்" என்று பேசிக்கொண்டால் ஊருக்கும் சிரமமில்லை, இருவருக்கும் நஷ்டமில்லை. மே 5 வணிகர் தினத்தன்று தமிழகத்தில் கடையடைத்து மாநாட்டுக்குச் செல்கிறார்களே, ஊர் பட்டினி கிடக்கிறதா? சங்கத்துக்காக மூடும் கடையைச் சம்சாரத்துக்காகவும் ஒரு நாள் மூடலாம்.

கல்யாண நாள், கடை தொடங்கிய நாள் ஆகியவற்றையும் நண்பர்களோடு கொண்டாடலாம். பெரிய செலவு வேண்டாம். ஒரு ஞாயிறு மாலை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நாலு குடும்பம் கடற்கரையில் கூடி, கொண்டுபோன சாப்பாட்டைப் பகிர்ந்தாலே போதும். அன்று வியாபாரப் பேச்சு மட்டும் கூடாது!

அறுபது வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

நம்மவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறார்கள். உறவும் நட்பும் சூழ, பிள்ளைகள் செய்து வைக்கும் அந்த வைபவம் நல்ல வழக்கம். ஆனால் பல வியாபாரத் தம்பதிகளுக்கு அதுவே சேர்ந்து போகும் முதல் வெளியூர்ப் பயணமாக இருக்கிறது. அதற்குள் ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்குச் சர்க்கரை. சிலருக்கோ அந்த நாள் வருவதற்குள் துணை போய்விடுகிறது. "கடை ஒரு நிலைக்கு வரட்டும்", "பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு", "பேரன் பிறக்கட்டும்" என்று தள்ளிப் போட்ட பயணங்கள் எத்தனை!

விஜயனும் மோகனாவும் 2021 அக்டோபரில் ரஷ்யா சென்றார்கள். அது அவர்கள் கண்ட 26ஆவது நாடு. திரும்பி வந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. நவம்பர் 19ஆம் தேதி மாரடைப்பால் விஜயன் காலமானார். வயது 71. ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று அவர் இருந்திருந்தால் மோகனா அம்மையாருக்கு மிஞ்சியிருப்பது கடை மட்டும்தான். இப்போதோ, ஒரு தேநீர்க் கடைச் சுவர் நிறைய இருவரும் சேர்ந்து நடந்த ஊர்கள் இருக்கின்றன.

எல்லோரும் ரஷ்யா போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கன்னியாகுமரி போதும், கொடைக்கானல் போதும், மனைவி பிறந்த ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாலும் போதும். இன்று இரவு கல்லாவை எண்ணும்போது ஐம்பது ரூபாயை எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். எந்த ஊர் என்பதை வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் ஊர் எதுவாக இருந்தாலும் மறுக்காதீர்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பக்கத்துக் கடைக்காரர்கள் முறை வைத்துக்கொள்வது பற்றியும் பேசுவோம்.

சரக்கு தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். சேர்ந்திருக்கும் நாட்களுக்கு மொத்த வியாபாரி யாரும் இல்லை.