மகள் தாதிமைப் பட்டம் படிக்கப் போகிறாளா? பாரம் நிரப்பும் முன் ஒரு வார்த்தை

டெங்கிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிவிட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். மகளின் எஸ்.பி.எம். முடிவு.

"அண்ணே, பிள்ளை நர்ஸ் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிது. யுனிவர்சிட்டியில நாலு வருஷம் படிக்கலாமாம். அவ அம்மா கூடவே கூடாதுங்கிறா. நாலு வருஷம் படிச்சு மூத்திரச் சட்டி தூக்கவான்னு கேக்குறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

இந்தப் பகுதியில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முதுகுவலி என்று எழுதி வருகிறோம். அந்த நோய்களைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டிலிருந்தே ஓர் ஆள் போவதைப் பற்றியும் எழுதலாமே என்று அன்றைக்குத் தோன்றியது.

முதலில் அந்தத் தாயின் கேள்வி. ஆம், மூத்திரச் சட்டி தூக்கத்தான் வேண்டும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அந்தச் சட்டியில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம், நேற்றைவிடக் குறைவா என்று பார்த்து எழுதி, சிறுநீரகம் சோர்கிறது என்பதை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பவளும் அதே தாதிதான். தூக்குவதற்குப் படிப்பு வேண்டாம்; பார்ப்பதற்கு வேண்டும்.

நம் பாட்டன் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர்தான் எல்லாம். காய்ச்சலுக்கும் அவரே, பேறுகாலத்துக்கும் அவரே. பின்னால் நம் பெண்கள் சிலர் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்ந்து, தங்கிப் பயிற்சி பெற்றுத் தாதியானார்கள். பல்கலைக்கழகப் பட்டமாகத் தாதிமை இந்நாட்டில் வந்தது 1993-ல், மலாயாப் பல்கலைக்கழகத்தில். அதுவும் ஏற்கெனவே பதிவு பெற்ற தாதியருக்காக. இப்போது பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளே நேராக நான்காண்டுப் பட்டத்துக்குப் போகலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் மலாயா, தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இது உண்டு. தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில் இருந்தாலும் தாதிமை படிப்பது செராஸ் மருத்துவமனையில்.

டெங்கில் பெற்றோர் பலர் ஒன்றைக் கேட்கிறார்கள்: "நம்ம ஊர்லயே யூ.ஐ.டி.எம். இருக்கே?" இருக்கிறது, அதன் அடிப்படைக் கல்வி மையம் இங்கேதான். ஆனால் யூ.ஐ.டி.எம். பூமிபுத்ராக்களுக்கு மட்டும். பக்கத்து வாசல்தான், ஆனாலும் நம் பிள்ளைக்குத் திறக்காது. இது சரியா தவறா என்பது வேறு பக்கத்துச் சங்கதி. வீணாகக் காத்திருந்து நாளைப் போக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, வழி என்ன? எஸ்.பி.எம். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பட்டப்படிப்பில் சேர முடியாது. நடுவே ஒரு படி உண்டு. ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம். எழுதலாம்; மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. இடம் கிடைத்தால் மெட்ரிகுலேசன், அது ஓராண்டு. எதுவானாலும் உயிரியலும் வேதியியலும் வேண்டும். ஆக, உண்மையான முடிவு பதினெட்டு வயதில் எடுப்பதல்ல. படிவம் நான்கில் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றே பாதி முடிந்துவிடுகிறது. "சயின்ஸ் கஷ்டம்டி, கணக்கியல் எடு" என்று கூடப் படிக்கும் பிள்ளை சொன்ன பேச்சுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட் வாங்குவதைக் குறியாக வையுங்கள். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் 2013 முதல் சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாகப் போகும் பிள்ளைக்கு ஓராண்டு பிந்தும், அவ்வளவுதான். அதை அவமானமாக நினைக்க வேண்டாம்.

விண்ணப்பம் யு.பி.யு. மூலம் கணினியில். படிப்புகளை விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். தாதிமையைக் கடைசி வரியில் 'சும்மா இருக்கட்டும்' என்று போட்டால், சும்மாவே இருக்கும். நேர்முகத் தேர்வு இருக்கிற படிப்பு இது. அழைப்பும் கணினியிலேயே வரும், வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திராதீர்கள். மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வை எஸ்.டி.பி.எம். படிக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடும் இடம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. மாலையில் விளையாட்டும் சங்கமும் நடக்கும்; நம் பிள்ளைக்கு அந்நேரம் பஸ் போய்விடும். அப்பன் காட்டில், அம்மா தொழிற்சாலையில். ஏற்றிவர ஆளில்லை. செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் முதலுதவிப் படை இரண்டில் ஒன்று பள்ளியில் இருந்தால் சேர்த்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் யாராவது மாறி மாறி ஏற்றிவந்தால் போதும். லயத்தில் இருந்தபோது கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாய் நின்றவர்கள்தானே நாம். பெராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மெடிங்லி தோட்டங்கள் புத்ராஜெயாவுக்காகப் போய், சனங்கள் இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்கு வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப் போகக் கூடாது.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? 'ஏன் தாதிமை' என்பது நிச்சயம். "மனித சேவை செய்ய" என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். நம் தோழரின் மகள் என்னிடம் ஒத்திகை பார்த்தபோது, பாட்டியின் கால் புண்ணுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்டிய கதையைச் சொன்னாள். "அதையே சொல்லும்மா" என்றேன். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய்; இந்தியரில் 31 விழுக்காட்டுக்கும் மேல். அவள் பாட்டி ஒற்றைப் பாட்டியல்ல. உடல் பரிசோதனையும் உண்டு. நிறக்குருடு இருந்தால் தடையாகலாம், முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பணம்? அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் தனியாரைப் போல் கழுத்தை நெரிக்காது. பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, அதற்கு முன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். ஆனால் கடன் பணம் கைக்கு வரச் சில வாரம் ஆகும். சேரும் நாளில் கட்டணம், விடுதி, சீருடை, காலணி எல்லாம் ரொக்கம். அதை ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டுப் போட்டாவது ஒதுக்கி வையுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் கண்ணைத் திறந்து பாருங்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியாரில் தாதிமை டிப்ளோமா முடித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடனோடும் வேலையில்லாமலும் நின்றார்கள். என் அக்காள் மகள் அவர்களில் ஒருத்தி. தாதிச் சீருடையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு ஒரு கைப்பேசிக் கடையில் இரண்டு வருஷம் நின்றாள். மலேசியத் தாதியர் வாரியம் ஏற்ற படிப்பா என்று கேளுங்கள். ஏற்காத படிப்பென்றால் வாரியத் தேர்வே எழுத முடியாது; 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி பதிவு இல்லாதவர் தாதியாக வேலை செய்யவும் முடியாது. இன்றைக்கு நிலைமை தலைகீழ்: சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் தாதியர் போய்க்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஆள் பற்றாக்குறை.

பட்டத்துக்கு மதிப்பெண் போதாவிட்டால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மூன்றாண்டு டிப்ளோமா இருக்கிறது. படிக்கும்போதே உதவித்தொகை, பிறகு அரசு வேலையில் சில ஆண்டு கட்டாயம். அங்கே போய், வேலை பார்த்துக்கொண்டே பின்னர் பட்டம் முடித்தவர்கள் நிறைய. அரசு வேலையில் டிப்ளோமாவுக்கு யூ29, பட்டத்துக்கு யூ41 என்றிருந்த தரம் 2024 டிசம்பர் முதல் யூ5, யூ9 ஆகியிருக்கிறது.

உள்ளே போன பிறகுதான் மலை. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், கிருமியியல், புத்தகமெல்லாம் ஆங்கிலம். பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள் முதல் பருவத்தில் ஒரு பாடம் தோற்றுவிட்டு, அப்பாவுக்கு போன் போடாமல் குளியலறையில் அழுவாள். தோற்ற பாடத்தை மறுபடி எழுதலாம். "திரும்பி வந்துரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மருந்துக் கணக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். குழந்தைக்கு 180 மில்லிகிராம் பாரசிட்டமால் எழுதியிருக்கிறது. போத்தலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். ஆக 7.5 மில்லிலிட்டர். ஆனால் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் அலமாரியில் இருக்கும். போத்தலைப் படிக்காமல் அதே 7.5-ஐ ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் வீட்டு அலமாரியிலும் இந்த இரண்டு போத்தலும் இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

பிறகு வார்டு: மருத்துவம், அறுவை, பிள்ளைப்பேறு, குழந்தை, மனநோய், சமூக நலம் என்று மாறி மாறி. காலை, மாலை, இரவு முறை. செய்த ஒவ்வொரு வேலைக்கும் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தடவையும் போட்டுக்கொள்ளாமல் ஊசி தொடக் கூடாது. இரவு வேலை முடித்து வீட்டுக்கு வரும் நாளில் பெண் பிள்ளையாச்சே என்று அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். திரைச்சீலையை மூடி, தூங்க விடுங்கள்.

நம் பிள்ளைக்கு ஒரு கைமுதலும் உண்டு. வார்டில் ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது, கால் மதமதன்னு இருக்கு" என்கிறாள். மற்றவர்கள் விழிக்கிறார்கள். மூன்றுக்கும் மூன்று தனி அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

தோழரின் மகள் இப்போது இரண்டாம் ஆண்டில். அம்மா இன்னமும் முழுதாய்ச் சமாதானமாகவில்லை. ஆனால் போன தீபாவளிக்குப் போயிருந்தபோது வாசலில் பக்கத்து வீட்டம்மாள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இந்தப் பிள்ளை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நாலு பேர் வரிசை. அம்மாதான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.