வல்லரசுகளின் வலுச் சமநிலை

நாடுகளிடையே வலுச் சமநிலை என்னுந் தொடரைக் கேட்டவுடன், தராசின் இரு தட்டும் ஒத்து நிற்குங் காட்சியே மாணவர் உள்ளத்தில் எழுகின்றது. அரசியலில் அத்தராசு அசையாது நின்ற காலம் அரிது. யாதேனும் ஓர் அரசு மற்றையவற்றை அடக்கத்தக்க வலிமை பெறுமாயின், ஏனையவை தம் பழம்பகை மறந்து ஒன்றுகூடி அதனைத் தடுத்தலே இக்கொள்கையின் சாரமாம்.

இதனை நன்கு விளக்குவது 1814 ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் கூடிய மாநாடாகும். நெப்போலியனை வென்ற பிரித்தானியா, உருசியா, அவுஸ்திரியா, பிரசியா ஆகிய நான்கும் ஐரோப்பாவை ஒழுங்குசெய்ய முற்பட்டன. உருசியப் பேரரசர் அலெக்சாந்தர் போலந்தைத் தமதாக்க விரும்பினார்; பிரசியாவோ, நெப்போலியன் பக்கம் நின்ற சட்சனி மன்னரின் நாடு முழுவதையும் வேண்டிற்று. இவை நிறைவேறின் உருசியாவின் ஆதிக்கம் ஐரோப்பாவின் நடுப்பகுதிவரை நீளுமென அவுஸ்திரிய அமைச்சர் மெற்றேணிக்கும் பிரித்தானிய அமைச்சர் காசில்றேயும் அஞ்சினர். தோற்ற நாடாகிய பிரான்சின் தூதராய் வந்த தலெயிரான் இப்பிளவைக் கண்டுகொண்டார். 1815 சனவரி 3 ஆந் திகதி பிரித்தானியாவும் அவுஸ்திரியாவும், முந்திய ஆண்டுவரை தாம் போர்புரிந்த பிரான்சுடனேயே இரகசிய உடன்படிக்கை செய்தன. தாக்கப்படின் ஒவ்வொன்றும் 150,000 வீரரை அளிப்பதென இசைந்தன. போர் நிகழவில்லை. பிரசியா சட்சனியில் ஒரு பகுதியுடன் அமைந்தது. உருசியாவும் வார்சோ நாட்டின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது. போலந்து மக்களின் கருத்தை எவருங் கேட்டிலர் என்பதை ஈண்டு மறைத்தலாகாது. இக்கொள்கையைப் புகழ்வோர் பெரும்பாலும் இதனை விட்டுவிடுவர்.

இவ்வமைப்புப் பல்லாண்டு பயன்பட்டமைக்கு அதன் நெகிழ்ச்சியே காரணம் என்பது எம் கருத்து. கிரிமியப் போர் (1853–1856) போன்றவை நிகழ்ந்தும், வல்லரசுகள் அனைத்தையும் ஈர்த்த பெரும்போர் 1914 வரை மூளவில்லை. 1882 இல் ஜேர்மனி, அவுஸ்திரியா, இத்தாலி என்பன ஓரணியாயும், 1907 அளவில் பிரித்தானியா, பிரான்சு, உருசியா என்பன மற்றோரணியாயும் இறுகியபின், இடம்மாறி நின்று நிறையை ஒப்பாக்கவல்ல அரசு அரிதாயிற்று.

நம் நாட்டின் வரலாறும் இத்தராசிற்குப் புறம்பானதன்று. 1795 இற் பிரான்சியப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றவே, அதன் குடியேற்ற நாடுகள் பிரான்சின் கையிற் சேராவண்ணம் ஆங்கிலேயர் விரைந்தனர். அவ்வாண்டிலேயே திருகோணமலையும் யாழ்ப்பாணக் கோட்டையும், 1796 இற் கொழும்பும் அவர் வசமாயின. பின்னர் 1814 இல், பிரான்சுக்கு வடக்கே வலிய அரணாய் ஒல்லாந்து விளங்கவேண்டுமெனக் கருதி, யாவா முதலியவற்றைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டனர். 1802 ஆம் ஆண்டின் அமியன் உடன்படிக்கையாற் பெற்ற இலங்கையின் கரையோர மாகாணங்களையோ, திருகோணமலைத் துறைமுகத்தின் அருமை கருதி, விட்டிலர்.