எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா?

சென்ற மாதம் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், பழைய கைபேசி பழுதானதால் புதிது வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே எடுத்து வந்திருந்தார். “சார், முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் ஆன் செய்யணும்னு கடைக்காரர் சொன்னார். இன்னிக்கு வருகைப்பதிவுக்கு மட்டும் உங்க போனைத் தர்றீங்களா?” என்றார். அங்கேயே பிரிக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. வருகைப்பதிவு அதிலேயே முடிந்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பழைய கதை. நிக்கல் காட்மியம் மின்கலங்கள் இருந்த காலத்தில் முதல் மின்னேற்றம் நீண்ட நேரம் தேவைப்பட்டது. பாதியில் சார்ஜ் போட்டால் கொள்திறன் குறையும் என்ற ‘நினைவு விளைவு’ம் அவற்றுக்கு உண்டு. இன்றைய கைபேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நினைவு விளைவுத் தொல்லை இல்லை. ஆலையிலேயே முதல் மின்னேற்றத்தை முடித்துத்தான் அனுப்புகிறார்கள்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கிடையே போய் உட்காருகின்றன. காலையில் வகுப்பறை நிறைவதைப் போலத்தான். முதலில் வரும் பிள்ளைகள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேருக்கு இடம் தேட நேரமாகும். 80 சதவீதம் வரை வேகமாக ஏறும் சார்ஜ் அதற்குமேல் தவழ்வது இதனால்தான். மின்கலம் நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. அந்த உயர் அழுத்தத்திலேயே நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியம் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது திரும்பாது. வெப்பம் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். என் முந்தைய கைபேசியை இரவு முழுவதும் தலையணைக்கு அடியில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவேன். கோடையில் வண்டியின் முன்பக்கம் வெயிலில் மாட்டிக்கொண்டு போவேன். ஒன்றரை ஆண்டில் அதன் கதை முடிந்தது. ஒரு நாள் பிள்ளைகளுக்கு மதிப்பீடு நடத்தும்போது, 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென அணைந்தது. பதிவு பாதியில் நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருந்த சிறுமியை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முகம் வாடியதுதான் இன்றும் உறுத்துகிறது. பழைய மின்கலத்தில் அகமின்தடை கூடிவிடும். செயலி அதிக மின்னோட்டம் கேட்டதும் மின்னழுத்தம் சரிந்து கைபேசி அணைந்துவிடும். திரையில் காட்டும் சதவீதத்தை அப்போது நம்ப முடியாது.

இப்போது 20க்கும் 80க்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன். மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் போடுவதில் தவறே இல்லை. இன்று 50, நாளை 50 ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுதான். பல கைபேசிகளில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. தேர்வுப் பணி, களப்பயணம் என்று வெளியே போகும் நாளில் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம். மின்கலத்துக்காக நாம் இல்லை. உறை தடிமனாக இருந்தால் சார்ஜ் போடும்போது கழற்றிவிடுங்கள். சுடுகிறதென்று குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஈரம் கோத்துக்கொள்ளும், வேண்டாம்.

பள்ளிக் கைக்கணினிகளைப் பற்றியும் ஒன்று. கோடை விடுமுறைக்கு முன் அவற்றை முழுதாக ஏற்றியோ காலியாகவோ அலமாரியில் பூட்டாதீர்கள். அடியோடு காலியானது மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம். பாதியளவு ஏற்றி, அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜூனில் எடுக்கும்போது எதன் பின்பக்கமாவது உப்பியிருந்தால் சார்ஜில் போடவோ அழுத்தவோ கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியே வைத்து, சேவை மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.