மைக்குக்குக் கேட்கும் விசிறி

வீட்டில் பாட்டோ பாட்காஸ்ட்டோ பதிவு செய்கிறவர்களுக்கு, முதல் டேக்கை ஹெட்போனில் கேட்கும்போதுதான் கணினி எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது என்பது தெரியும். ஒரே சீராக வரும் ஓசையை மூளை சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு ஒதுக்கத் தெரியாது. குரலை 8 தடங்களில் அடுக்கினால் இரைச்சலும் 8 முறை அடுக்கப்படும். மொத்தத்தில் 9 டெசிபல் ஏற்றம். மென்பொருளால் பிறகு துடைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அழுத்தித் துடைத்தால் சுரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் உள்ள மூச்சும் கூடவே போய்விடும். பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடியது அந்த இடத்துக்காகத்தானே?

இரைச்சலில் பெரும்பங்கு குளிர்விக்கும் விசிறியுடையது. 7 இறக்கைகள், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால், நொடிக்கு 175 முறை ஓர் இறக்கை ஒரே புள்ளியைக் கடக்கும். அதனால் 175 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் எழுகிறது. மனிதப் பேச்சின் அடிச்சுருதி உலவும் பகுதியும் அதுவே. ஃபில்டர் போட்டு வெட்டினால் குரலும் வெட்டுப்படும்.

இந்த இடத்தில் இயற்பியல் நமக்கு வியப்பான சலுகை ஒன்றைத் தருகிறது. விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அது எழுப்பும் ஒலியாற்றலோ ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஒலியாற்றல் 32-இல் ஒரு பங்காகிவிடும். அதாவது 15 டெசிபல் குறையும். பாதிக் காற்று போதாதென்றால் விசிறியைப் பெரிதாக்கலாம். 80 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதில் அதே வடிவில் 120 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்தினால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்திலேயே அதே காற்று கிடைக்கும். பெரிய இறக்கை போடும் கூடுதல் சத்தத்தைக் கழித்த பிறகும் லாபம் நமக்குத்தான்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கணினியை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உள்ளே சூடு ஏற ஏற விசிறி வேகமெடுக்கும், இரைச்சல் ஐந்தாம் அடுக்கில் ஏறும். பதிவுக்காக ஏசியை அணைத்துவிட்ட சென்னை மே மாத அறையில் இது இன்னும் மோசம். தூசியைத் தட்டி, தேவையற்ற மென்பொருள்களை மூடி, பிராசசரைச் சூடாகாமல் வைத்திருப்பதே மேல்.

பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழன்று 120 ஹெர்ட்ஸில் அதிரும். மேசைப்பலகை தம்புராவின் குடம்போல அதை வாங்கிப் பெருக்கும். ரப்பர் தாங்கி உதவும். எஸ்எஸ்டி-க்கு மாறினால் சுழலும் பாகமே இல்லை.

கடைசியாக, காசில்லாத வழி. கார்டியாய்டு மைக்கின் முதுகு கிட்டத்தட்டச் செவிடு. கணினி அந்தப் பக்கம் இருக்கட்டும். சூப்பர்கார்டியாய்டு என்றால் செவிட்டுப் புள்ளி நேர்பின்னால் இல்லை, முகப்பிலிருந்து சுமார் 125 பாகை தள்ளி இரு பக்கமும் இருக்கும். எது உங்களுடையது என்பது மைக்கோடு வந்த தாளில், வட்டப் படமாகப் போட்டிருக்கும்.