வீட்டுத் தோட்டத்தில் தக்காளி

கிணற்றடியில் வீணாகும் ஜலத்தைக் கொண்டே குடும்பத்திற்கு வேண்டிய தக்காளியை விளைவித்துக் கொள்ளலாமென்று குடியானவர்களுக்கு நான் சொல்லி வருவதுண்டு. முதல் வருஷம் என் கொல்லையில் கார்த்திகையில் நாற்றுவிட்டு, 25 நாளில் பிடுங்கி, இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் நட்டு, மக்கிய தொழுவுரமிட்டுக் கொம்பு நாட்டிக் கட்டினேன். மாசி முழுவதும் கூடை கூடையாகக் காய்த்தது. பங்குனி வெயில் ஏறியதும் பூக்கள் உதிர்ந்தன; அது உஷ்ணத்தின் குற்றமேயன்றி உரக் குறைவன்று.

மறு வருஷம் அதே பாத்தியில் கத்தரியை எடுத்த கையோடு தக்காளியை நட்டேன். பூக்கும் தருணத்தில் இலைகள் பச்சையாகவே தொங்கி, சில தினங்களில் செடிகள் மடிந்தன. ஜலம் போதவில்லையென்றெண்ணி மேலும் பாய்ச்சினேன்; நோய் அண்டைச் செடிகளுக்கும் பரவிற்று. வாடிய தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் பிடித்துப் பார்த்தபோதுதான், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கக் கண்டேன். இது பாக்டீரியா வாடல் நோய். கண்ட செடியை மருந்தால் பிழைப்பிக்க இயலாது. கிருமி மண்ணில் வருஷக் கணக்கில் தங்கும். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் பாய்ச்சும் நீரோடும் இடம் பெயரும். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு யாவும் தக்காளியின் இனமேயாதலால், அவற்றை அடுத்தடுத்து அங்கே வைக்கலாகாது. மடிந்த செடிகளை எருக்குழியில் இடாமல் எரித்துவிட வேண்டும்.

என் சொல்லை நம்பிக் கத்தரிப் பாத்தியிலேயே நட்ட கிராம அதிகாரி ஒருவருக்கும் இதே நஷ்டம் நேர்ந்தது. பயிர் மாற்றத்தைப் பற்றி அவருக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. இவ்வருஷம் எங்களிருவர் பாத்திகளிலும் மக்காச்சோளம் நிற்கிறது. தக்காளியை வாசற்புறத்தில், கத்தரி காணாத மண்ணில் நட்டிருக்கிறோம்.