கொழும்பில் ஒரு முற்றம் தேடி

கொழும்பு என்றதும் வடபுலத்திலுள்ள எம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன கந்தோர், கடவுச்சீட்டு வரிசை, ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்பனவே. அலுவல் முடிந்தால் அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் எப்போதும் கூடவே இருக்கும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு போய் வந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தரப் பரீட்சை விடைத்தாள் மதிப்பீட்டுக்காக அங்கு இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. அப்போதுதான் அந்நகரத்தின் கட்டடங்களை நின்று பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கத் தூண்டியது எங்கள் வீட்டுப் பிரச்சினை. ஊரில் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு ஒன்று எமக்குண்டு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ விறாந்தையும் அறைகளும். நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிய, மழைநீர் பீலி வழியே முற்றத்தில் விழுந்து வெளியேறும். ஓடுகள் பழுதடைந்து, வளைகளிற் கறையான் பிடித்துவிட்டது. வெளிநாட்டிலுள்ள தம்பி பணம் அனுப்ப ஆயத்தமாக இருந்தான். வந்து பார்த்த மேசன் சொன்னார்: “மாஸ்டர், உந்த முற்றத்தை மூடி பிளாற் போட்டால் ரெண்டு அறை கூட எடுக்கலாம்.” எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மா மாத்திரம் கேட்டார்: “மூடினால் மழை பெய்யிறது எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?” அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் கொழும்புக்கு வந்தேன்.

கட்டடக்கலையை நான் முறையாகக் கற்றவனல்லன்; தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். ஆகவே ஒரு செய்யுளைப் பொருள் காண்பதற்கு மாணவர்க்குச் சில கேள்விகளைக் கொடுப்பதுபோல எனக்கு நானே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மழைநீர் எங்கே போகிறது? வந்த மனிதன் எங்கே ஆறி இருப்பான்? இம்மூன்றையும் கேட்டுக்கொண்டு போனால் எந்தக் கட்டடமும் எம்மோடு பேசத் தொடங்கிவிடும். இக்கேள்விகளோடு நான் திரும்பத் திரும்பப் போகும் சில இடங்களை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குபவர்கள் முதலிற் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவுக்கு நடக்கலாம். அங்கேதான் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் உள்ளது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் வழங்குவர். தென்னிந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் தங்கள் தொழுகைக்காக 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் நிறைவேற்றினர். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவர் முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவரல்லர். வர்த்தகர்கள் கொண்டுவந்து காட்டிய இந்தோ சரசனிக் பாணிக் கட்டடங்களின் படங்களை ஆதாரமாகக் கொண்டு தம் மனத்தில் எழுந்ததை வரைந்தார். சுவர் முழுவதும் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரியிட்டிருக்கும். குவிமாடங்கள் மாதுளம்பழ வடிவின. ஒடுங்கிய தெருவிலே, துணிக்கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மனிதனின் துணிவு தெரிகிறது. உயர்ந்த கட்டடங்கள் எழும்பாத அக்காலத்தில், துறைமுகத்துக்கு வந்த கப்பற்காரர்கள் இதனைப் பார்த்தே கொழும்பை அடையாளங் கண்டனர் என்பர். தொழுகை நேரந் தவிர்த்து, தகுந்த உடையோடு சென்றால் உள்ளேயும் பார்க்கலாம்.

அங்கிருந்து கொச்சிக்கடைக்குப் போனால் இதற்கு நேர்மாறான ஓர் உலகம். பொன்னம்பலவாணேசர் கோயில் முற்றிலுங் கருங்கல்லாலானது. தந்தையார் பொன்னம்பல முதலியார் அமைத்த ஆலயத்தை சேர். பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கற்கோயிலாகப் புதுப்பித்தார். எங்கள் ஊர்க் கோயில்களிற் பழகிய கண்ணுக்கு இங்கே வர்ணமின்மை முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்து நில்லுங்கள். வெளியே வெயிலில் நின்ற கண் மெல்ல மெல்ல இருளுக்குப் பழக, தூணிலுள்ள செதுக்கு வேலை ஒவ்வொன்றாக வெளிப்படும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற எனது முதற் கேள்விக்கு, விளக்கிலிருந்து வருகிறது என்று இக்கோயில் விடை சொல்கிறது. இருளை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பதை நான் விளங்கிக்கொண்டது இங்கேதான். கால் வைத்தால் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். அது கொழும்பு வெயிலுக்கு வேறெங்கும் கிடைக்காத மருந்து.

கோட்டைப் பகுதியிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடைகளும் உணவகங்களுமாக 2011இல் திருத்தி அமைக்கப்பட்டது. விலைகளைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம், பார்ப்பதற்குக் காசில்லை. ஐந்து நீண்ட மண்டபங்கள், அவற்றுக்கிடையே இரண்டு முற்றங்கள், தடித்த சுவர்கள், ஓட்டுக்கூரை, நெடுகிலும் விறாந்தை. வெப்பநாட்டு நோயாளிக்குக் காற்றும் நிழலும் வேண்டும் என்பதை அந்நியனான ஒல்லாந்தனும் அறிந்திருந்தான்! கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலையையும் இவ்வரிசையிலேயே சேர்க்கலாம். தேசாதிபதி கிரகரியின் காலத்திலே திட்டமிடப்பெற்று, ஸ்மித்தர் என்பவர் வடிவமைக்க, வாப்பிச்சி மரைக்கார் கட்டி முடித்து, 1877இல் திறக்கப்பட்டது. அரும்பொருட்களைப் பார்க்கும் அவசரத்தில் எவருங் கவனியாத அதன் வெளி விறாந்தையிற் சற்று நேரம் இருந்து பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொள்ளுப்பிட்டியில், பகத்தலை வீதியிலிருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் இலக்க வீடு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் இல்லம். 1919இற் பிறந்த பாவா முதலிற் சட்டத்தரணியாகத் தொழில் பார்த்தவர். இலண்டனிற் பயின்று கட்டடக் கலைஞராகத் தகைமை பெற்றது 1957இல்; அப்போது அவருக்கு வயது 38. பாராளுமன்றக் கட்டடம் உட்பட எத்தனையோ பெருங் கட்டடங்களை வடிவமைத்து 2003இல் மறைந்தார். அவருடைய நிறுவனத்திலே பங்காளராக நீண்டகாலம் உடனிருந்து, அவரின் கற்பனைகளை நின்று நிலைக்கும் கட்டடங்களாக்க உதவிய பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர் என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிட வேண்டும்.

ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1958இற் பெற்றுக்கொண்ட பாவா, மற்றவையும் கைக்கு வர வர, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனார். ஏற்பாடு செய்துகொண்டு சென்றால் வழிகாட்டியொருவர் அழைத்துச் செல்வார். அதற்குக் கட்டணம் உண்டு. வாசலைக் கடந்ததும் வெள்ளை வெளேரென்று நீண்ட நடைவழி. அங்கங்கே கூரை விலக, வானம் எட்டிப் பார்க்கும். சிறு சிறு முற்றங்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மரத்தூண்கள். அவற்றைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். யாரோ ஒருவர் வேண்டாமென்று இடித்த வீட்டின் தூண்களை இந்தப் பெரிய கலைஞர் தேடி எடுத்துத் தம் வீட்டின் நடுவே நிறுத்தியிருக்கிறார். எனது வீட்டிலோ அத்தகைய தூண்கள் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நான் அவற்றைப் பிடுங்குவதற்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

நெருக்கமான நகரத்து ஒழுங்கையிலே, ஒவ்வோர் அடி நிலமும் பொன்னாக விலைபோகும் இடத்திலே, அவர் முற்றத்தை மூடவில்லை, புதிதாகத் திறந்தார். நான்கு பக்கமும் அயல்வீடு நெருங்கினால், வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வரவேண்டும் என்பது அதன் காரணம். சூடேறிய காற்று முற்றத்தால் மேலெழ, நிழலிலுள்ள குளிர்ந்த காற்று அறைகளினூடாக நகரும். எங்கள் பாட்டன்மார் வாய்விட்டு விளக்காமலே செய்துவைத்த காரியம் இது. அருகே அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவரது அலுவலகமாக இருந்த கட்டடம் 1998 முதல் உணவகமும் ஓவியக்கூடமுமாக விளங்குகிறது. அங்கேயும் முற்றங்களைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும்.

பாவாவை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நீதியன்று. அவருக்கு முன்பே, உள்நாட்டு வாழ்முறையையும் புதிய கட்டடக்கலையையும் இணைக்க முயன்றவர் மினெட் டி சில்வா. கண்டியில் 1918இற் பிறந்த அவர், பிரித்தானிய கட்டடக் கலைஞர் சங்கத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி. 1998இல் மறைந்த பின்னரே அவரது பெருமை பரவலாகப் பேசப்பட்டது. இலக்கியத்திலும் இத்தகைய கதைகள் நமக்குப் புதியனவல்ல.

மாலையானதும் பேரை வாவிக்கரைக்கு வாருங்கள். கங்காராம விகாரைக்குரிய சீமா மாலகம் நீரின்மேல் இருக்கிறது. முன்னிருந்த பழைய மண்டபம் சிறிது சிறிதாக நீரில் அமிழ்ந்துபோக, எழுபதுகளின் பிற்பகுதியிலே பாவா இதனை வடிவமைத்தார். மூன்று மேடைகள், அவற்றை இணைக்கும் சிறு பாலங்கள், நீலநிற ஓட்டுக்கூரை, காற்றை மறிக்காத மரத்தாலான அடைப்பு. அநுராதபுரத்துப் பழைய வனவிகாரைகள் இதற்கு முன்மாதிரி. இந்தப் பௌத்த மண்டபத்துக்குப் பொருள் வழங்கியவர் மூசாஜி என்னும் முஸ்லிம் வர்த்தகர். மறைந்த தம் மகனின் நினைவாக வழங்கினார். பிள்ளையை இழந்த தகப்பன் பிற சமயத்தவர் அமர்ந்து தியானிக்க ஓரிடம் கொடுத்தார் என்பதை அறிந்தபின், அக்கட்டடம் எனக்கு வெறுங் கட்டடமாகத் தோன்றவில்லை. அந்தி வெளிச்சத்தில் அங்கே இருந்தால், நகரத்தின் இரைச்சல் நீருக்கு அப்பால் நின்றுவிடும்.

அன்றிரவு விடுதியிலே நெடுநல்வாடையை எடுத்துப் புரட்டினேன். பல ஆண்டுகள் வகுப்பிற் படிப்பித்த பாட்டு. அரண்மனைக்கு மனை வகுக்கும்போது, நண்பகலில் நட்ட கோலின் நிழல் கொண்டு திசை கண்ட செய்தியை மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதே பாட்டில், நிலவொளியை நுகர்வதற்கென அமைந்த வெண்மையான முற்றமும், வாய் பிளந்த வடிவிலான தூம்பு நிறைந்து நீர் அருவிபோல் வீழும் ஓசையும் வருகின்றன. உரையைச் சொல்லி, இலக்கணக் குறிப்பை எழுதுவித்து, அடுத்த அடிக்குப் போய்விடுவது என் வழக்கம். நக்கீரர் பாடிய முற்றமும் மழையோசையும் என் தாயார் கேட்ட கேள்வியும் ஒன்றே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. படிப்பித்தவனுக்கே பாடம் விளங்க இத்தனை காலம்!

ஊர் திரும்பி மேசனை அழைத்துப் பேசினேன். முற்றம் முற்றமாகவே இருக்கட்டும். ஓட்டையும் வளையையும் மாற்றுவோம். வேண்டிய அறையைப் பின்புறத்தில் எடுப்போம் என்றேன். செலவு கூடும் என்றார், கூடியதும் உண்மைதான். தம்பிக்கு இன்றும் முழுச் சம்மதமில்லை. “அண்ணை, உது பழைய காலத்து எண்ணம்” என்று தொலைபேசியிற் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல நான் தயாரில்லை. முன்பொருமுறை முன்விறாந்தையைக் கம்பியாலும் தகரத்தாலும் அடைத்தவன் நானே. அதன்பின் அம்மா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார். நான் அதனைக் கவனிக்கவில்லை. இப்போது அந்தத் தகரத்தையும் கழற்றியாயிற்று.

கடந்த மாரியில் முதல் மழை பெய்தபோது, பீலியால் முற்றத்தில் நீர் கொட்டிற்று. அம்மா விறாந்தையில் இருந்தபடியே, கொடியிற் கிடக்கும் உடுப்பை எடுக்கும்படி எனக்குச் சத்தமிட்டார்.

நேயர்களே, அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது அலுவலுக்கு அப்பால் ஓர் அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் சொன்ன மூன்று கேள்விகளையும் கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வந்தபின் அவற்றை உங்கள் சொந்த வீட்டு வாசலில் நின்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.